பாதாள மீன் சொன்ன தீர்ப்பு

சானமாவுக் காட்டில் யானை இறங்கிவிட்டது என்றால்கூட ஓசூரில் இவ்வளவு கூட்டம் கூடாது. குந்தாரப்பள்ளிச் சந்தையில் மாடு வாங்க வருகிறவனாவது பல்லைப் பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் மடியை அவிழ்ப்பான். சிப்காட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகை வாசலில் நின்ற இந்த ஜனம் அதுகூடச் செய்யவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு, ஒரு மீன்தொட்டியைத் தரிசிக்கக் காத்து நின்றது.

தொட்டி மச்சானந்த சுவாமிகளுடையது. போன வருஷம் வரைக்கும் அவர் வெறும் குருமூர்த்தி. கிருஷ்ணகிரி பஸ் ஸ்டாண்டு பக்கம் கலர் மீன் கடை வைத்திருந்தார். மீன் விற்கிறேன் என்றார், ஈ காக்கை எட்டிப் பார்க்கவில்லை. மீன் பேசுகிறது என்றார், ஊரே திரண்டு வந்துவிட்டது. ஞானம் பிறக்க இதைவிட நல்ல காரணம் வேறென்ன வேண்டும்? கர்நாடக எல்லையில் அத்திப்பள்ளி தாண்டியும் வண்டி கட்டிக்கொண்டு வந்தார்கள். சுவாமி தமிழருக்குத் தமிழிலும், கன்னடக்காரருக்குக் கன்னடத்திலும், தெலுங்கருக்குத் தெலுங்கிலும் வாக்குச் சொன்னார். தேசிய ஒருமைப்பாட்டை அந்தக் கொட்டகையில் பார்க்கலாம், மூன்று பாஷையிலும் ஏமாந்துகொண்டிருந்தார்கள்.

வந்தவர்கள் ஒன்றும் விவரம் தெரியாதவர்கள் இல்லை. ஏ ஷிப்ட் முடித்தவர்கள் ஒரு வரிசை, பி ஷிப்டுக்குப் போகிறவர்கள் ஒரு வரிசை. கம்பெனிக்குள் கேஜ் வைத்து அளக்காமல் ஒரு நட்டைக்கூட நம்பமாட்டார்கள். மயிரிழை தப்பிருந்தாலும் பீஸைத் தூக்கி ரிஜெக்ட் தொட்டியில் எறிகிற கைகள்தான் இங்கே கன்னத்தில் போட்டுக்கொண்டன.

தொட்டியில் மூன்று தினுசு மீன். தண்ணீரின் மேல்மட்டத்தில் துள்ளுகிற கப்பிக்கு தேவமீன் என்று பேர். அது தின்றால் காரியம் ஜெயம். நடுவில் நீந்துகிற ஏஞ்சல், மனுஷ மீன். அது தின்றால் தாமதம், சின்ன பூஜை. அடியில் மீசையோடு மணலை மேய்வது பாதாள மீன். அது தின்றால் சர்வ நாசம், பெரிய பூஜை. சுவாமி தட்டிலிருக்கும் மூன்று டப்பாவில் ஏதோ ஒன்றைத் திறந்து, மஞ்சள் பூசிய தீனி உருண்டை ரெண்டை எடுத்து உங்கள் உள்ளங்கையில் வைப்பார். மனசில் நினைத்துக்கொண்டு போட வேண்டும். மூன்று டப்பா எதற்கு என்று கேட்டால் மும்மூர்த்திகள் என்பார். மீன்கள் எப்போதும் விரதமாம். பட்டினி போட்டு வைப்பதற்கு என்ன அழகான பேர் பாருங்கள்.

மாதேஸ்வரி பேக்கிங் கம்பெனி ஒன்றில் காண்ட்ராக்ட் வேலைக்காரி. புருஷன் இல்லை. ஒரே மகள் அனிதா, இன்னொரு கம்பெனியில் குவாலிட்டி செக்‌ஷன். தண்ணி லாரி ஓட்டுகிற சிவராஜும் அனிதாவும் பிரியப்பட்டு, ரெண்டு வீட்டிலும் ஒத்துக்கொண்டு, தட்டும் மாற்றியாகிவிட்டது. தேதி குறிப்பதுதான் பாக்கி. காலண்டரைப் பார்த்திருந்தால் வேலை முடிந்திருக்கும். மாதேஸ்வரி மீனைப் பார்க்கப் போனாள்.

வரிசையில் சுவாமியின் சேவகன் பாஸ்கரன் தண்ணீர் கொடுத்துப் பேச்சுக் கொடுத்தான். என்ன தங்கமான பிள்ளை என்று நினைத்து இவள் எல்லாவற்றையும் கொட்டினாள். புருஷன் தீர்த்தகிரி ஏரியில் கால் வழுக்கிச் செத்ததையும், அன்றிலிருந்து ஏரிக்கரைப் பக்கமே தான் போகாததையும், மருமகனாக வருகிறவன் தண்ணி லாரி ஓட்டுவதையும் சொல்லி மூக்கைச் சிந்தினாள். உள்ளே போனதும் சுவாமி கண்ணை மூடினார்.

"உன் வீட்டுல தண்ணி ஒரு உசுரைக் குடிச்சிருக்குது தாயி."

மாதேஸ்வரி சடாரென்று அவர் காலில் விழுந்தாள். பாஸ்கரன் பின்வாசல் வழியாக உள்ளே போய் வந்ததை அவள் கவனிக்கவில்லை. கவனித்திருந்தாலும் சாமிக்குப் பூ வைக்கப் போனான் என்றுதான் நினைத்திருப்பாள். சுவாமி ஒரு டப்பாவைத் திறந்து ரெண்டு உருண்டை கொடுத்தார். வேர்த்த கையில் ஒரு உருண்டை ஒட்டிக்கொண்டது, மற்றது தொட்டியில் விழுந்து நேரே அடிக்குப் போனது. பாதாள மீன் மீசையை ஆட்டிக்கொண்டே வந்து விழுங்கியது. மாப்பிள்ளைக்கு நீரில் கண்டம், ஏறின தாலி அந்த வருஷமே இறங்கும் என்று சுவாமி தீர்ப்புச் சொல்லிவிட்டார். வெள்ளியில் மீன் செய்து காணிக்கை வைத்தால் ஒருவேளை விலகலாம் என்று கடைசியில் மெதுவாகச் சேர்த்துக்கொண்டார்.

கையில் ஒட்டிய உருண்டையைப் பிரசாதமென்று முந்தானையில் முடிந்துகொண்டு வந்தவள், அன்றைக்கே சிவராஜின் அம்மா சரோஜம்மாளுக்கு போன் போட்டுக் கல்யாணம் வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். அனிதா ஏன் எதற்கு என்று கேட்டபோது இவளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

"நான் தாலி அறுத்தது பத்தாதா? நீயும் அறுக்கணுமா?"

மகள் சோறு தொடவில்லை. மாதேஸ்வரிக்கு அதைப் பார்க்கச் சகிக்கவில்லை. கல்யாணத்துக்கென்று எடுத்து வைத்த கொலுசு ஆசாரியிடம் போய் வெள்ளி மீனாகி, சுவாமியின் பெட்டிக்குள் நீந்திப் போனது. மறுபடி வாக்குக் கேட்க நாள் கொடுத்தார்கள். அனிதா சண்டை போடவில்லை. ஒரே பீஸ் ஒரு வாட்டி ஃபெயில் ஆகி இன்னொரு வாட்டி பாஸ் ஆனால் எங்கள் கம்பெனியில் பீஸைச் சந்தேகப்பட மாட்டோம், கேஜைத்தான் சந்தேகப்படுவோம் என்றாள். மாதேஸ்வரிக்கு அது விளங்கவில்லை. நானும் வருகிறேன் என்ற அனிதா, அம்மா பிரசாதமென்று சாமி மாடத்தில் வைத்திருந்த பழைய உருண்டையையும், ஒரு சொம்பு குழாய்த் தண்ணீரையும் எடுத்துக்கொண்டாள். தீர்த்தம் என்று நினைத்து வரிசையில் இருந்தவர்கள் அதற்கும் கும்பிடு போட்டார்கள்.

சுவாமி முகமெல்லாம் சிரிப்பாக வேறு டப்பாவைத் திறந்து ரெண்டு உருண்டை கொடுத்தார். மாதேஸ்வரி தொட்டிப் பக்கம் கையை நீட்டினாள். அனிதா குறுக்கே சொம்பை வைத்தாள்.

"இதுல போடும்மா."

"மீன் இல்லாத தண்ணியில வாக்கு வராது பாப்பா" என்றார் சுவாமி.

"வராதுல்ல சாமி? அப்ப போட்டா என்னா நஷ்டம்?"

மாதேஸ்வரி கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். சாமி குத்தம் ஆகி அந்தப் பையனுக்கு ஏதாவது ஆகிவிட்டால்? மகள் முகத்தைப் பார்த்தாள். நாலு நாளில் பாதியாக இளைத்துப் போயிருந்தது. கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு போட்டுவிட்டாள். திறந்து பார்த்தால் ரெண்டு உருண்டையும் ஜம்மென்று மிதந்தன. அனிதா பழைய உருண்டையை நீட்டினாள். அதைப் போட்டதும் கல் மாதிரி அடியில் போய் உட்கார்ந்தது. மிதக்கிற தீனி மேல் மீனுக்கு, முழுகுகிற தீனி அடி மீனுக்கு. கலர் மீன் கடைக்காரனுக்குத் தெரிந்த சங்கதி அவ்வளவுதான்.

மாதேஸ்வரி சொம்பைத் தூக்கிச் சுவாமி முகத்துக்கு நேரே நீட்டினாள். அவளுக்கு விளங்கிவிட்டது.

"இதுல மீனே இல்லையே. அப்ப எம் மருமகன் சாவான்னு தீர்ப்புச் சொன்னது யாரு சாமி?"

சந்தேகத்தோடு போட்டால் அப்படித்தான் என்று சுவாமி இழுத்தார். பி ஷிப்டு வரிசையில் நின்ற முனிராஜ் என்கிறவன் தட்டோடு டப்பாக்களைப் பிடுங்கி, ஒவ்வொன்றிலும் ஒரு பிடி எடுத்து அங்கே இருந்த தண்ணீர் பக்கெட்டில் போட்டான். ஒரு பிடி மிதந்தது. ஒரு பிடி ஆடி அசைந்து மெதுவாக இறங்கியது. ஒரு பிடி அடியில் படுத்துக்கொண்டது. மும்மூர்த்திகளும் அவரவர் இடத்துக்குப் போய்ச் சேர்ந்தார்கள். பாஸ்கரனைக் காணவில்லை, உண்டியலையும் காணவில்லை. சுவாமிக்குப் பின்வாசலில் கண்டம் இருந்தது, ஜனம் அங்கேயே மடக்கிவிட்டது. ஊராருக்குக் கண்டம் சொன்ன மனுஷன் தன் கண்டத்தைப் பற்றி மீனிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

மாதேஸ்வரி அங்கேயே சரோஜம்மாளுக்கு போன் போட்டாள். மன்னித்துக்கொள்ளுங்கள் சம்மந்தி, புத்தி கெட்டுப் பேசிவிட்டேன், நாளைக்கே வந்து தேதி குறிக்கலாம் என்றாள். அனிதா சிரித்தாளா அழுதாளா என்று சொல்ல முடியாது, ரெண்டும்தான்.

அப்போது ஆஞ்சப்பன் என்று ஒருத்தர், கம்பெனியில் சீனியர் ஆபரேட்டர், பக்தியாகக் கிட்டே வந்தார்.

"அந்த ஆளுதாம்மா ஃபிராடு. மீனுங்க தெய்வாம்சந்தான். ஒரு தேவமீனை நான் வீட்டுக்கு எடுத்துக்கினு போகட்டுமா?"

மாதேஸ்வரி அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"எடுத்துக்கினு போங்கண்ணா. பசிச்சா முன்னால விழுந்ததை முழுங்கறது மீனு, அது அதோட பொழப்பு. நாம ஏண்ணா முழுங்கினோம்?"