அறுபத்து நான்கும் சரி

பெயரைச் சொன்னதும் நம்பிவிடுகிற மனிதர்கள் கோடிக்கணக்கில் உண்டு. அவர்களைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. பெயரை மட்டும் நம்பவே மாட்டேன் என்கிற ரகம் ஒன்று இருக்கிறது. அபூர்வமானதல்ல, அலுவலகத்துக்கு ஒருவராவது அகப்படுவார். நமக்கு அகப்பட்டவர் ஓர் ஆஸ்பத்திரியில் கம்ப்யூட்டர்களுக்குப் பொறுப்பாளர். பட்டப்பெயர் கைரேகைக்காரர்.

எந்த சாஃப்ட்வேர் ஃபைலையும் ஒரு கணக்கில் போட்டு அரைத்தால், எழுத்தும் எண்ணுமாக அறுபத்து நான்கு கொண்ட சரம் ஒன்று வரும். ஹாஷ் என்பார்கள். ஃபைலின் பெயரை மாற்றினால் சரம் அசையாது. உள்ளே ஒரு புள்ளி மாறினால் முழுவதும் வேறாகிவிடும். நம்மவர் தன் கைக்கு வந்த ஃபைல்களுக்கெல்லாம் இந்த ரேகையை எடுத்து, தேதி போட்டு, வந்த வழி போட்டு, பதினோராயிரத்து முந்நூற்று ஆறு வரிகளில் ஒரு பட்டியல் வைத்திருந்தார். பட்டியலில் இருந்தால் 'தெரிஞ்சவன்'. இல்லையா, 'யாரோ'. யாரோவுக்கு வாசலோடு சரி. மீசையை எடுத்துவிட்டு வந்த மைத்துனரையே, "மச்சான், நான்தான்!" என்று அவர் மூன்று முறை கத்தும்வரை வெளியே நிறுத்தி வைத்தவர் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒரு திங்கட்கிழமை காலை, ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் முடிவுகளை அச்சடிக்கும் சாஃப்ட்வேர் படுத்துவிட்டது. தாழ்வாரத்தில் முப்பது பேர். அதில் ஒரு பெண்ணுக்குப் பன்னிரண்டு மணிக்கு ஆபரேஷன்; ரிப்போர்ட் வராமல் மயக்க மருந்து கொடுக்க மாட்டார்கள். கூடத்தின் தலைவி, சாஃப்ட்வேர் நிறுவனத்திடம் சண்டை போட்டுத் திருத்திய ஃபைலை வரவழைத்துக்கொண்டு வந்தார்.

"சார், இதை ஏத்துங்க."

"இது யாருன்னே தெரியலையே. பட்டியல்ல இல்ல."

"இன்னிக்குக் காலைலதான் செஞ்சிருக்காங்க. இப்பப் பொறந்த குழந்தை எப்படி சார் உங்க பட்டியல்ல இருக்கும்?"

இந்த மாதிரிக் கேள்விகளுக்கெல்லாம் நம்மவர் பதில் சொல்லுவாரா? அலமாரியைத் திறந்தார், பத்திரமாக வைத்திருந்த பழைய ஃபைலை எடுத்தார், ரேகை பார்த்தார், பென்சில் முனையை ஒவ்வோர் எழுத்தாக நகர்த்திப் பட்டியலோடு ஒப்பிட்டார். "அறுபத்து நாலும் சரி!" என்று அறிவித்து ஏற்றினார். இருபது நிமிடம் ஆயிற்று. காலையில் வந்த அதே சிவப்புப் பிழைக் கட்டம் திரையில் வந்து நின்றது.

"சார், காலைல படுத்தது இதுதானே?"

"அதேதான்!" என்றார், முகமெல்லாம் மலர. "ஒரு புள்ளிகூட மாறல, பாத்தீங்களா?"

வந்தவன் போன வாரத்துத் திருடன்தான் என்று அங்க அடையாளங்களைச் சரிபார்த்து, ஐயமில்லை, அவனேதான் என்று திருப்திப்பட்டு, சாவிக்கொத்தைக் கையில் கொடுத்த காவல்காரர் எங்காவது உண்டா? உண்டு. மணி பதினொன்றே கால்.

தலைவி, நிறுவனத்தின் ஒப்பந்தத்தாளில் இருந்த எண்ணுக்கு போன் போட்டு, நம்மவர் மேசைமேல் வைத்தார். "நீங்க அனுப்பின ஃபைலோட ஹாஷை வாசிங்கம்மா. மெதுவா. இங்க ஒருத்தர் எழுதணும்."

அந்தப் பக்கத்துப் பெண் வாசித்தாள். நம்மவர் எழுதினார். நாற்பத்தொன்றாவதில் ஆபரேஷன் பெண்ணின் கணவர் கதவிடுக்கில் தலையை நீட்டினார்.

"சார், இன்னும் எத்தனை?"

"இருபத்து மூணு. குறுக்க பேசாதீங்க."

எழுதிய சரமும், வந்த ஃபைலின் ரேகையும் பொருந்தின. உடனே ஏற்றினாரா? எப்படி ஏற்றுவார்! பதினோராயிரத்து முந்நூற்று ஏழு என்று வரி எண் போட்டு, தேதி போட்டு, 'தொலைபேசி வழி' என்று குறித்து, அப்புறம்தான் ஏற்றினார். பன்னிரண்டுக்கு எட்டு நிமிடம் இருக்கும்போது முதல் தாள் வெளியே வந்தது. சூடு ஆறுமுன் கணவர் அதைப் பிடுங்கிக்கொண்டு படியேறி ஓடினார். ஆபரேஷன் நடந்தது, அந்த அம்மாள் சுகம்.

நீங்கள் நன்றாகச் சிரித்தீர்கள். சந்தோஷம். மூன்று தடவை சரிசெய்தும் ஒழுகுகிற குழாய்க்கு, எதிர்வீட்டார் சொன்ன புது ஆளை வேண்டாமென்று தள்ளிவிட்டு, நாலாம் தடவையும் அந்தப் பழைய குழாய்க்காரரையே கூப்பிட்டிருக்கிறீர்களாமே? "என்ன இருந்தாலும் நம்ம ஆளு" என்றீர்களாம். உங்கள் வீட்டில்தான் சொன்னார்கள்.