கூகளில் முதல் ஆள்

காலை ஒன்பது மணிக்குள் பதினோராவது அழைப்பு வந்தபோது உடையப்பன் பல் துலக்கிக்கொண்டிருந்தார். வாயில் நுரையோடு, "நான் ஏர்கோன் வேலைய விட்டுட்டேன்" என்றார். மறுமுனையில் அது எப்படிக் கேட்டதோ, அந்த அம்மாள் நன்றி சொல்லி, மூன்று மணிக்குக் காத்திருப்பதாகக் கூறி வைத்துவிட்டார்.

முப்பத்து நான்கு வருடம் மலேசியாவின் ஈப்போ நகர் முழுக்க ஏணியைத் தூக்கிக்கொண்டு திரிந்து, ஏர்கோன் என்னும் குளிர்சாதனப் பெட்டிகளைக் கழுவியவர் உடையப்பன். முட்டிவலி வந்ததால் மூன்று மாதத்துக்கு முன்பு ஓய்வு பெற்றார். இனி ஒரு ஸ்குரூவைக்கூடத் தொடமாட்டேன் என்று உறவினர்களைக் கூட்டி, ஆட்டிறைச்சி விருந்து போட்டு அறிவித்திருந்தார். ஏணியைப் பக்கத்து வீட்டுச் சின்னையாவிடம் கொடுத்துவிட்டார். இப்போது பத்து நாளாக ஊரே அவரைக் கூப்பிடுகிறது.

எப்படி என் நம்பர் கிடைத்தது என்று கேட்டால், எல்லோரும் ஒரே பதிலைத்தான் சொன்னார்கள்.

"கூகள்ல மொத ஆளா நிக்கிறீங்களே, அண்ணே."

சின்னையா தபால் நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கைப்பேசி விவரம் தெரிந்தவர். 'ஈப்போ ஏர்கோன் சர்வீஸ்' என்று தேடிக் காட்டினார். எடுத்த எடுப்பில் உடையப்பன்தான். ஏதோ கல்யாணத்தில் எடுத்த படம். வேட்டி சட்டையில் சிரித்துக்கொண்டிருந்தார். தோளருகே யாருடைய காதோ பாதி தெரிந்தது.

"ஆளுங்க தேடறப்ப நம்மள முன்னால கொண்டாந்து நிறுத்துறதுக்குன்னே ஒரு வேலை இருக்கு, மச்சான். எஸ்.இ.ஓ.ன்னு சொல்வாங்க. பெரிய கடைக்காரனெல்லாம் மாசக்கணக்குல பாடுபடுவான். ஒனக்குச் சும்மாவே நடந்திருக்கு" என்றார் சின்னையா.

"எனக்கு எதுக்குலா? எடுத்து விடு."

எடுப்பது அவ்வளவு சுலபமில்லை என்று சின்னையா சொன்னார். ஆனாலும் 'கடை மூடப்பட்டது' என்று கூகளுக்கு எழுதிப் போட்டார். மறுநாளே யாரோ திறந்துவிட்டார்கள்.

சரி, கூப்பிடுகிறவர்களிடம் முடியாது என்று சொல்லிவிடுவோம் என்று உடையப்பன் தீர்மானித்தார். ஆனால் வாய் கேட்கவில்லை. தண்ணீர் சொட்டுகிறது என்று ஒருவர் அழுதால், குழாயில் அழுக்கு அடைத்திருக்கும், வெளிமுனையில் வாய் வைத்து உறிஞ்சிப் பாருங்கள் என்று சொல்லிவிடுவார். சொட்டு நின்றுவிடும். அவர்கள் ஐந்து நட்சத்திரம் போட்டு, 'வீட்டுக்கு வராமலேயே ரிப்பேர் செய்கிறார், காசும் வாங்கவில்லை' என்று எழுதினார்கள். அழைப்பு இரண்டு மடங்கானது.

அடுத்து, தனக்குத்தானே ஒரு நட்சத்திரம் போட்டுக்கொண்டார். 'இந்த ஆள் கோபக்காரன். ஃபில்டரை நீயே கழுவு என்று திட்டுவான். ஏர்கோனில் கேஸ் வாயு குறையாவிட்டால் வீணாகக் கேஸ் அடைக்கமாட்டான்' என்று எழுதினார். படித்தவர்கள், இத்தனை நாள் நாங்கள் தேடிய யோக்கியன் இவர்தான் என்று கூப்பிட்டார்கள்.

கடைசியாகச் சின்னையா ஒரு யோசனை சொன்னார். அதன்படி ஓர் அட்டையில், 'ஈப்போ, மெங்லெம்பு, பத்து காஜா, கோப்பேங், சுங்கை சிப்புட் எங்குமே ஏர்கோன் வேலைக்கு வரமாட்டேன்' என்று பெரிதாக எழுதிப் படம் பிடித்துக் கூகளில் ஏற்றினார்கள். அதுவரை ஈப்போக்காரர்கள்தான் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அந்த வாரத்திலிருந்து அட்டையில் இருந்த அத்தனை ஊரிலிருந்தும் கூப்பிட்டார்கள்.

ஓய்வு பெற்ற புதிதில் எவ்வளவு நிம்மதியாக இருந்தது என்று உடையப்பன் ஏங்கினார். மனைவி சரளாவின் மசாலா டப்பாக்களை உயரப்படி அடுக்கி, பெயர் ஒட்டி வைத்தார். எதிர்வீட்டு நவமணி அக்காவின் துணிக்கொடியைக் காற்றுத் திசை பார்த்து மாற்றிக் கட்டிக் கொடுத்தார். காலை எட்டு மணிக்குச் சின்னையா வீட்டில் போய் உட்கார்ந்தால், உலக விஷயம் பேசி முடிய மத்தியானமாகும். தாமான் குடியிருப்பில் யார் வீட்டு ஏர்கோன் சத்தம் போட்டாலும், அழைக்காமலேயே போய் அதை அணைத்துவிட்டு வருவார். அதெல்லாம் இப்போது போயிற்று.

வெள்ளிக்கிழமை விமலா என்ற ஆசிரியை கூப்பிட்டார். சுங்கை சிப்புட்டைத் தாண்டி ஒரு பழைய ரப்பர் தோட்டம். இப்போது எல்லாம் செம்பனை. மிச்சமிருக்கும் முப்பது குடும்பத்துப் பிள்ளைகளுக்கு அங்கே ஒரு பாலர் பள்ளி நடத்துகிறார். இருக்கிற ஒரே ஏர்கோன் பிள்ளைகள் படுக்கும் பாயில் ஒழுகுகிறது.

உடையப்பன் முட்டிவலியைச் சொன்னார்.

"ஆறு பேரக் கேட்டுட்டேன், அண்ணே. தோட்டம்னு சொன்னதும் போன வச்சிடுறாங்க. நீங்களாச்சும் வரமாட்டேன்னு எங்க ஊர் பேரப் போட்டு எழுதியிருக்கீங்க. அந்தப் பேர எழுதினதே நீங்க ஒருத்தர்தான்."

உடையப்பனுக்கு என்னவோ போல் ஆகிவிட்டது. சின்னையா வீட்டிலிருந்து ஏணியை வாங்கிக்கொண்டு கிளம்பினார்.

இருபது நிமிட வேலைதான். குளிர்காற்று வந்ததும் பிள்ளைகள் பாயில் வரிசையாகப் படுத்துக் கண்ணை மூடிக்கொண்டார்கள். ஏணி மேலிருந்து அதைப் பார்த்தபோது முட்டி வலிக்கவில்லை என்பதை உடையப்பன் கவனித்தார். யாரிடமும் சொல்லக்கூடாது என்று முடிவு செய்தார்.

தேநீர் கொடுத்த விமலா, உங்கள் இணையப்பக்கம் நன்றாக இருக்கிறது என்று கைப்பேசியைக் காட்டினார். தனக்கென்று ஒரு பக்கம் இருப்பதே உடையப்பனுக்கு அப்போதுதான் தெரிந்தது. அதன் அடியில், பொடி எழுத்தில், அதைத் தயாரித்தவரின் காம்பார் முகவரி இருந்தது.

மறுநாள் காலையே காம்பாருக்குப் போனார். பல்கலைக்கழகத்துக்கு அருகே ஒரு கடைவீட்டு மாடியில், அனுஜா என்ற பெண் மூன்று கணினிகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தாள். உடையப்பனைப் பார்த்ததும், படத்தில் பார்த்த ஆளாயிற்றே, எழுந்து நின்று நாற்காலி போட்டாள். அவர் உட்காரவில்லை.

"என் பேர எடுத்துடும்மா. நான் ஓய்வு பெற்ற ஆளு. வீட்டுல ஒரு நாள் நிம்மதியா உக்கார முடியல."

"கஸ்டமர் சொல்லாம எடுக்க முடியாது, அங்கிள். ஒரு வருசத்துக்குக் கட்டியிருக்காங்க. நீங்களே வந்து எடுக்கச் சொன்னாலும் எடுக்காதன்னு வேற சொல்லியிருக்காங்க."

"யாரு அந்தக் கஸ்டமரு?"

அனுஜா கொஞ்சம் தயங்கினாள். பிறகு கணினியில் ஒரு பட்டியலைத் திறந்து, திரையை அவர் பக்கம் திருப்பினாள்.

"பில்லு சரளா ஆன்ட்டி பேர்லதான் இருக்கு, அங்கிள். ஆனா ஒங்க வீட்டு வரிசையில உள்ள பதினாலு வீடும் பங்கு போட்டிருக்கு. சின்னையா அங்கிள் மட்டும் ரெண்டு பங்கு."