மோட்டார் டீச்சரின் எலெக்ட்ரானிக் பெட்டி

சேலம் ஜில்லாவில் அந்தக் காலத்தில் கார் ஓட்டத் தெரிந்தவர்கள் ஆயிரக்கணக்கில் இருந்திருப்பார்கள். காருக்கே பாடம் நடத்தியவர் எங்கள் மோட்டார் டீச்சர் ஒருவர்தான்.

எண்பதுகளின் தொடக்கம். எடப்பாடியில் ஒரு பெண்கள் பள்ளியில் அவர் சயின்ஸ், நான் தமிழ். அவருக்கு ஐம்பது வயதிருக்கும். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. யாராவது காரணம் கேட்டால், "எனக்கு இந்த வண்டி ஒண்ணே போதுமுங்க. ரெண்டு மக்கரை ஒருத்தி தாங்க முடியாது" என்பார்.

அந்த வண்டி அவருடைய அப்பா விட்டுப்போனது. சீமையில் செய்தது, என்னைவிட மூத்தது, உருண்டைக் கண்ணும் அகன்ற வாயுமாகத் தவளை போலவே இருக்கும். சங்ககிரியிலிருந்து தினமும் மூன்று டீச்சர்கள் அதில் எடப்பாடிக்குப் போனோம். போனோம் என்பதைவிடத் தள்ளினோம் என்பதே சரி. புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நாங்கள் தள்ளும் அழகைப் பார்க்க, பருத்திக்காட்டில் வேலையை நிறுத்திவிட்டு ஆட்கள் வரப்புக்கு வந்துவிடுவார்கள்.

கோளாறு பாயிண்டில். எஞ்சினுக்குள் தீப்பொறி விழவேண்டுமானால் ஒரு குட்டி சுவிட்ச் ஓயாமல் திறந்து திறந்து மூடவேண்டும். அதைத்தான் பாயிண்ட் என்பார்கள். திறக்கும்போதெல்லாம் அது கொஞ்சம் கருகும். கருகினால் வண்டி நிற்கும். டீச்சர் இறங்கி, கைப்பையிலிருந்து உப்புத்தாளை எடுத்துத் தேய்ப்பார். தேய்த்தால் பரவாயில்லை, எங்களையும் கூப்பிட்டுக் காட்டுவார்.

"பாத்தீங்களா, எப்படிக் குழி உழுந்திருக்குதுன்னு?"

"பாத்தோமுங்க டீச்சர். அங்க பிரேயர் முடிஞ்சிருக்குமுங்க."

ஒரு நாள் ஏதோ எலெக்ட்ரானிக்ஸ் மாத இதழைத் தூக்கிக்கொண்டு ஸ்டாப் ரூமுக்கு ஓடிவந்தார். தபாலில் ஒரு பெட்டி வருமாம். அதற்குள் இருக்கும் டிரான்சிஸ்டர் கரண்டின் பாரத்தைத் தானே சுமந்துகொள்ளுமாம். பாயிண்ட் கருகவே கருகாதாம். அடுத்த மாதமே பார்சல் வந்துவிட்டது. உள்ளே பெட்டி இல்லை. பெட்டி ஆகவேண்டிய சாமான்கள்தான் பொட்டலம் பொட்டலமாக இருந்தன. ஒரு வாரம் லேப் மேஜையில் உட்கார்ந்து பற்றவைத்தார். பக்கத்து அறையில் நான் செய்யுள் நடத்தியதெல்லாம் ஈயம் உருகும் வாசனையில்தான்.

மதியச் சாப்பாட்டு வேளையில் பள்ளி முழுவதும் கூடி நிற்க, பெட்டியை வண்டியில் மாட்டிச் சாவியைத் திருகினார். பானெட்டிலிருந்து வெள்ளைப் புகை வந்தது. பிள்ளைகள் கை தட்டினார்கள். டீச்சர் அசரவில்லை.

"புகை வந்தது நல்லதுதானுங்க. எங்க தப்புன்னு காட்டிருச்சு."

அந்தக் காலத்துச் சீமை வண்டிகளில் பேட்டரியின் பிளஸ் முனையை வண்டியின் உடம்போடு இணைத்திருப்பார்களாம். புதுப் பெட்டியோ மைனஸை எதிர்பார்க்கிறது. புது டிரான்சிஸ்டர் வரவழைத்துப் பேட்டரியையே திருப்பி வைத்தார். பெட்டி வேலை செய்தது. ஆனால் கரண்டு அளக்கும் முள் தலைகீழாக ஆடத் தொடங்கியது. அதற்கடியில், "இடது என்றால் வலது என்று கொள்க" என்று ஒரு துண்டுச் சீட்டை ஒட்டிவிட்டார்.

சங்ககிரியில் லாரிகளுக்கு ஒயர் வேலை செய்யும் எலெக்ட்ரீசியன் ஒருவர் பெட்டியைப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். "நம்மூரு வெயிலுக்கு இது ஆவாதுங்க டீச்சர்."

"வெயிலு உனக்குந்தான் அடிக்குது. நீ என்ன நின்னா போயிட்டே?" என்றார் டீச்சர். அதோடு நிற்காமல், இனித் தேவையில்லை என்று பழைய உதிரிகளையெல்லாம் அவர் கண் முன்னாலேயே எடைக்குப் போட்டார்.

இரண்டு மாதம் வண்டி ஒரு தடவைகூட நிற்கவில்லை. வாட்ச்மேன் கேட் திறப்பதற்கு முன்பே நாங்கள் போய் நின்றோம். தள்ளுவது நின்றதில் எனக்குக்கூட உடம்பு வைத்துவிட்டது என்று எங்களோடு வரும் கணக்கு டீச்சர் கேலி செய்தார். அது வேறு காரணம். எனக்கு அப்போது மாசம் ஏறிக்கொண்டிருந்தது.

பிரசவத்துக்கு மூன்று வாரம் இருக்கும்போதே, ஒரு மார்ச் மாத மத்தியானம், கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்த எனக்கு வலி கண்டுவிட்டது. உள்ளூர் டாக்டரம்மா பார்த்துவிட்டு, "பிரஷர் ஏறிக் கெடக்குது, உடனே சேலத்துக்குக் கொண்டு போங்க" என்றார். ஆஸ்பத்திரி வேன் வேறெங்கோ போயிருந்தது. மோட்டார் டீச்சர் யாரையும் கேட்கவில்லை. என்னைப் பின்சீட்டில் கிடத்தி, பள்ளி ஆயா பாவாயியை முன்னால் ஏற்றிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

"எத்தனை நிமிசத்துக்கொருக்கா வலி வருது, சாமி?"

"தெரியலீங்களே டீச்சர்!"

"கணக்கு வெச்சுக்கோணும் கண்ணு. டைமிங் ரொம்ப முக்கியம்."

"எனக்கா, வண்டிக்குங்களா?"

"ரெண்டுக்குந்தான்."

மகுடஞ்சாவடி தாண்டியதும் வண்டி இருமியது. பிறகு ஓய்ந்தது.

டீச்சர் பானெட்டைத் தூக்கிப் பெட்டியைத் தொட்டார். சுரீரென்று சுட, கையை எடுத்துக்கொண்டார். நான் எத்தனையோ தடவை அவர் வண்டியை நடுரோட்டில் பார்த்திருக்கிறேன். அவர் பாடம் நடத்தாமல் நின்றது அன்றைக்குத்தான்.

"என்னங்க டீச்சர்?"

"சூடு" என்றார். அவ்வளவுதான்.

"பழையபடி மாத்திக்கலாமுங்களா?"

"அதைத்தான் எடைக்குப் போட்டுட்டேனே, சாமி."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அப்போது ஒரு லாரி வந்து நின்றது. டிரைவர் எட்டிப் பார்த்து, "தள்ளோணுங்களாம்மா?" என்றார்.

டீச்சர் நிமிர்ந்தார். "தள்ள வேண்டாமுங்க. ஒயரு இருக்குதுங்களா?"

பெட்டியைக் கழற்றி, டிரைவர் கொடுத்த ஒயரை வெட்டி ஒட்டுப் போட்டு அதன் ஒயர்களை நீளமாக்கினார். பானெட் இடுக்கு வழியாகப் பெட்டி முன் ஜன்னல் வரைக்கும் வந்தது. ஈரத்துண்டால் ஒற்றி ஒற்றி ஆறவைத்தார். பிறகு பாவாயியிடம் திரும்பினார்.

"பாவாயி, இதை ஜன்னலுக்கு வெளிய காத்துல புடிச்சுக்க."

"ஐயோ, கரண்டு அடிக்குமுங்களே!"

"உன்ற ரப்பர் செருப்பக் கழட்டி, நடுவுல வெச்சுப் புடி."

"கை நழுவிருச்சுன்னா?"

"வண்டி நின்னுரும். நின்னா இங்கயேதான் பிரசவம். நீதான் பாக்கோணும்."

அதற்குப் பிறகு பாவாயி பிடித்த பிடி இருக்கிறதே, நாலு ஆள் சேர்ந்து இழுத்திருந்தாலும் பிரித்திருக்க முடியாது. இரண்டு செருப்புக்கு நடுவில் பெட்டி, பெட்டிக்குப் பின்னால் காற்றில் பறக்கும் பாவாயியின் தலைமயிர். வண்டி பறந்தது. வலிக்கு நடுவே எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் வலி கூடியது. சூரமங்கலத்தில் பக்கத்தில் வந்த டவுன் பஸ் கண்டக்டர், "என்னம்மா அது, ரேடியோவா?" என்று கேட்டார்.

"எஞ்சினுங்க!" என்று கத்தினாள் பாவாயி.

ஆஸ்பத்திரி வாசலில் டீச்சர் என் தோளைத் தாங்கி ஸ்ட்ரெச்சரில் ஏற்றும்போது அவருடைய இன்னொரு கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். நர்ஸ் விடச் சொன்னாள். நான் விடவில்லை. டீச்சரும் விடவில்லை. பிரசவ அறைக் கதவு வரைக்கும் ஸ்ட்ரெச்சரோடு ஓடிவந்தார்.

பெண் குழந்தை. இரண்டு பேரும் சுகம். சாயங்காலம் டீச்சர் உள்ளே வந்து குழந்தையை வெகுநேரம் பார்த்தார். பிறகு என் காதருகே குனிந்து, "அந்த எலெக்ட்ரீசியன் காதுக்கு மட்டும் இது போவ வேண்டாம், சாமி" என்றார்.

மறுநாள், சேதி கேட்டு வந்த அம்மா என் சந்தனக் கலர் புடவையைத் துவைக்க எடுத்தார். தோளில் டீச்சரின் ஐந்து விரல்களும் கருப்புக் கிரீஸாக அப்படியே பதிந்திருந்தன. "மண்ணெண்ணெய் ஊத்தித் தேச்சாப் போயிருங் கண்ணு" என்றார் அம்மா. வேண்டாம் என்று வாங்கி, மடித்து என் பெட்டியில் வைத்துக்கொண்டேன்.