சூரிய விளக்கும் என் நெற்றிப் பட்டையும்

புதன்கிழமை காலை எனக்கு இருந்த வேலை ஒன்றே ஒன்றுதான். லஸ் முனைக்குப் போய்த் தோல் டாக்டரிடம் முகத்தைக் காட்டிவிட்டு ஆபீசுக்குப் போவது.

காட்டுவதற்கு முகத்தில் நிறைய இருந்தது. நெற்றியில் பரு, கன்னத்தில் பரு, மூக்கு நுனியில் தனியாக ஒரு பெரிய பரு. போதாததற்கு எண்ணெய் வேறு. காலையில் முகம் அலம்பினால் பத்து மணிக்குள் அதில் அப்பளம் பொரிக்கலாம்.

தை மாசம் பார்த்த பெண் வீட்டார், "பிள்ளைக்கு வைசூரி போட்டிருந்ததோ?" என்று தரகரிடம் விசாரித்தார்களாம். அந்த இடம் அதோடு சரி. இப்போது மாம்பலத்தில் ஒரு இடம். பெண் பெயர் கோமளா, இன்டர்மீடியட் பாஸ் பண்ணினவள். அவள் போட்டோவைப் பார்த்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. வெள்ளிக்கிழமை பெண் பார்க்கப் போகிறோம். இதுவும் தட்டிப்போனால் நான் காசிக்குத்தான் போக வேண்டும்!

"ஆத்துல பயத்தமாவு இருக்கு, சந்தனம் இருக்கு. டாக்டர் எதுக்குடா?" என்றாள் அம்மா.

"சீமையிலேர்ந்து சூரிய விளக்கு வந்திருக்கும்மா. அந்த வெளிச்சம் பட்டா பரு உதிர்ந்துடுமாம். எண்ணெய் வடியறதும் நின்னுடுமாம்."

"சூரிய வெளிச்சமா? பங்குனி மாசத்துல, மெட்ராஸ்லயா? வாசல்ல போய் நில்லேன்!"

விஞ்ஞானம் தெரியாதவர்களோடு என்ன பேச்சு? கிளம்பிவிட்டேன்.

டாக்டர் கழுத்தில் டை, நெற்றியில் பட்டையாக விபூதி. என் முகத்தை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார்.

"இன்னிக்கு மூணு நிமிஷம் விளக்கு. வாரத்துக்கு ரெண்டு தரம் வரணும். ஒண்ணரை மாசத்துல குணம் தெரியும்" என்றார்.

"வெள்ளிக்கிழமைக்குள்ள தெரியணும், டாக்டர்."

"இந்த வாரம் எல்லாருக்குமே வெள்ளிக்கிழமைதான் அவசரம்! அவசரப்பட்டா தோல் வெந்துடும். போய் முகத்தை சோப்புப் போட்டு அலம்பிண்டு வாங்கோ. முகத்துல ஒண்ணும் இருக்கப்படாது."

போனேன். தேய்த்துத் தேய்த்து அலம்பினேன். துடைத்தேன்.

இங்கேதான் கோளாறு. மயிலாப்பூரில் பிறந்து வளர்ந்தவன் முகம் அலம்பினால் அடுத்து என்ன பண்ணுவான்? என் கை என்னைக் கேட்காமலே சட்டைப் பைக்குள் போயிற்று. விபூதிப் பொட்டலத்தைப் பிரித்தது. தண்ணீர் விட்டுக் குழைத்து, மூன்று விரலால் நெற்றி நிறைய அழுத்தி இட்டுவிட்டது. பாழ் நெற்றியோடு ஒரு டாக்டர் முன்னால் போய் உட்காருவதாவது!

கண்ணுக்குக் கறுப்புக் கண்ணாடி மாட்டினார்கள். விளக்கு உஸ்ஸென்று எரிந்தது. "தலையை அசைக்காதேங்கோ" என்று சொல்லிவிட்டு டாக்டர் அடுத்த அறையில் டெலிபோன் பேசப் போனார்.

விளக்கு ஒரு கை தூரத்தில் இருந்தது. வெந்நீரில் பாதி சூடுகூட இல்லை. இதற்கா இவ்வளவு பயமுறுத்தினார்? முகத்தை மெதுவாக முன்னால் கொண்டுபோனேன். இன்னும் கொஞ்சம். கடைசியில் எனக்கும் சூரியனுக்கும் நடுவே ஒரு சாண்தான்! ஒன்றரை மாசத்துக் குணத்தையும் ஒரே தடவையில் வாங்கிவிட வேண்டும் என்று வெறி. டெலிபோனில் இருந்த ஆசாமியும் டாக்டரை லேசில் விடவில்லை.

ஆபீசில் ஒன்றும் தெரியவில்லை. சாயங்காலம் முகம் திகுதிகுவென்றது. ராத்திரி தலையணையில் கன்னத்தை வைக்க முடியவில்லை.

வியாழக்கிழமை காலை கண்ணாடியைப் பார்த்து நானே இரண்டடி பின்வாங்கினேன். முகம் முழுக்க பீட்ரூட் சிவப்பு. கண்ணைச் சுற்றி இரண்டு வெள்ளை வட்டம். நெற்றியில், கோடு போட்டாற்போல, மூன்று வெள்ளைப் பட்டை!

சோப்பு போட்டேன். போகவில்லை. கடலைமாவு போட்டேன். போகவில்லை.

"புளி போட்டுத் தேய்ச்சுப் பாரேன்" என்றாள் அம்மா.

தேய்த்தேன். பித்தளைப் பாத்திரம் வாய் திறந்து கத்தாதது ஏன் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

டாக்டரிடம் ஓடினேன். அவர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"விபூதியோடயா உட்கார்ந்தேள்?"

"நீங்க பார்க்கலையா, டாக்டர்?"

"நெத்தியில விபூதி இல்லேன்னா பார்த்திருப்பேன். இருந்தா எனக்கு என்ன வித்தியாசம் தெரியும்? தோல் உரிஞ்சு சமனாக இன்னும் பத்து நாள் ஆகும்."

"நாளைத் தள்ளி வைக்கலாமே" என்று வீட்டில் கெஞ்சினேன்.

"நாள் பார்த்துச் சொல்லியாச்சு. இப்போ தள்ளினா, பிள்ளைக்கு என்னமோ ஏதோன்னு நினைச்சுப்பா. அந்தப் பட்டை மேலேயே விபூதியை இட்டுண்டு வா" என்று அம்மா தீர்ப்புச் சொல்லிவிட்டாள்.

வெள்ளிக்கிழமை அப்பா, அம்மா, நான் மூவரும் ஜட்காவில் ஏறினோம். வண்டிக்காரன் திரும்பித் திரும்பி என்னையே பார்த்தான்.

"இன்னா நைனா, மூஞ்சி இப்டி வெந்து கீது? அடுப்பாண்ட பட்த்துக்கினியா?"

"குதிரையைப் பாருப்பா" என்றார் அப்பா. அன்று முழுவதும் அவர் பேசியது அவ்வளவுதான்.

பெண்ணின் அப்பா ஒரு விசித்திரப் பேர்வழி. பெண்ணைக் காலேஜ் வரை படிக்க வைத்தவர். ஆனால் எனக்குக் குடுமி இல்லை, கிராப்பு என்றதும் முகம் சுளித்தாராம். "ஆசாரம் இல்லாத பிள்ளைக்குப் பெண் கிடையாது" என்று தரகரிடம் முன்கூட்டியே சொல்லியிருந்தார்.

வாசலில் கால் அலம்பத் தண்ணீர் கொடுத்தார். வெயிலில் வந்த எரிச்சல் எனக்கு. காலோடு முகத்திலும் இரண்டு கை தண்ணீரை வாரி அடித்துக்கொண்டு, துண்டால் ஒற்றி எடுத்துவிட்டேன்! விபூதியெல்லாம் துண்டில். அம்மா "ஐயோ" என்று வாயைப் பொத்திக்கொண்டாள்.

பெண்ணின் அப்பா என் நெற்றியையே பார்த்தார். துண்டைப் பார்த்தார். மறுபடி நெற்றியைப் பார்த்தார். தொலைந்தோம், கோமளாவும் போனாள் என்று நினைத்தேன்.

"துடைச்சும் போகலையே!" என்றார்.

"இல்லை."

"எத்தனை வருஷமா இட்டுக்கறேள்?"

"சின்ன வயசுலேர்ந்து" என்றேன். அது சத்தியம்தானே?

"தோல்லயே ஊறிப் போயிடுத்து! முகத்துல என்ன தேஜஸ், பார்த்தேளா? அனலா அடிக்கிறது!"

அனல் அடித்தது வாஸ்தவம்தான். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அதையும் அடக்கம் என்று பாராட்டினார்.

"கோமளா, சொஜ்ஜி பஜ்ஜி கொண்டு வாம்மா!"

கோமளா வந்தாள். முகத்தில் ஏகப்பட்ட பவுடர்.

"நேத்து மாடியில வடாம் காயப்போட்டா. கொஞ்சம் வெயில் பட்டுடுத்து" என்றார் அவள் அப்பா.

அவள் தட்டை வைத்துவிட்டு நிமிர்ந்தாள். பவுடருக்கு அடியில் முகம் செக்கச்செவேல். கண்ணைச் சுற்றி இரண்டு வெள்ளை வட்டம். சின்னக் குங்குமப் பொட்டைச் சுற்றி, காலணாக் காசு அகலத்துக்குப் பெரிய பொட்டு ஒன்று வெள்ளையாக!

முகம் அலம்பியிருக்கிறாள். அலம்பினதும் பொட்டு இட்டுக்கொண்டிருக்கிறாள். பாவம், என்னைப் போல அவளும் நல்ல குடும்பம்!

அவள் என் நெற்றியைப் பார்த்தாள். நான் அவள் நெற்றியைப் பார்த்தேன். அவள் களுக்கென்று சிரித்துவிட்டு உள்ளே ஓடினாள். எனக்கும் வாயில் போட்டுக்கொண்ட பஜ்ஜி புரை ஏறியது. ஆனால் அந்த நிமிஷமே, இவளைத் தவிர வேறு யாரும் எனக்கு வேண்டாம் என்று தீர்மானமாகிவிட்டது.

"பெண்ணைப் பிடிச்சிருக்கா?" என்று அவள் அப்பா கேட்டார்.

"எங்கேயோ பார்த்த முகம் மாதிரி இருக்கு, மாமா" என்றேன். காலையில் என் வீட்டுக் கண்ணாடியில் பார்த்ததைச் சொல்லவில்லை.

வைகாசியில் கல்யாணம். அதற்குள் இரண்டு பேருக்கும் தோல் உரிந்து, பட்டை போய், பொட்டு போய், பரு மட்டும் பழையபடி வந்து சேர்ந்திருந்தது.

டாக்டரையும் அழைத்திருந்தோம். வந்தார், மணையில் ஜோடியாக உட்கார்ந்திருந்த எங்கள் முகங்களைப் பார்த்தார், பந்தியில் உட்காராமலே போய்விட்டார்.