எரிநட்சத்திரத்துக்கு மைக் தேடிய கதை

அன்புள்ள மாமாவுக்கு,

வணக்கம். மைக்செட் கடையில் உங்களுக்கு மூச்சுவிட நேரமில்லாதபோது கடிதம் எழுதித் தொந்தரவு செய்கிறேன், மன்னியுங்கள். போனில் பேசினால் "சத்தமா சொல்லும்மா" என்பதிலேயே பாதி நேரம் போய்விடுகிறது. நீங்களும் அத்தையும் நலம்தானே?

எரிநட்சத்திரம் பார்ப்பவர்களின் சங்கத்தில் சேர இரண்டு இரவுகளின் ஒலிப்பதிவு அனுப்ப வேண்டும் என்று சொன்னேன் அல்லவா? வானத்தைவிட்டுக் கண்ணை எடுக்காமல், எந்தப் பக்கம், எவ்வளவு பிரகாசம் என்று வாயால் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். அதற்கு நான் பட்ட பாடு! செல்போனைத் தொட்டால் அதன் வெளிச்சத்தில் கண் கூசி வானமே தெரியவில்லை, உங்களைக் கேட்டால் மேடை மைக்கைப் பெட்டியோடு அனுப்பினீர்கள், அப்பா ஆசையாக ஒலிபெருக்கியையும் மாட்டிவிட்டார், நான் முணுமுணுத்த "கிழக்கே, மங்கல், வேகம்" தெரு முழுக்கக் கேட்டு எதிர்வீட்டு அக்கா ஓடிவந்து "யாருடி கிழக்கே போனது?" என்கிறார், பிறகு அனுப்பினீர்களே, பேச்சுக் கேட்டால் தானாக ஓடும் ரெக்கார்டர், அது என் பேச்சைப் பேச்சாகவே மதிக்கவில்லை மாமா! துணைக்கு வந்த அப்பாவுக்கோ மீன் ஏலம் விடும் தொண்டை. "அதோ பாரும்மா, தண்ணித்தொட்டி மேல! தெருவிளக்காட்டம் பெருசு! வால் நிக்குது... ஒருதரம்... ரெண்டுதரம்... போச்சு!" இது மட்டும் ஒன்றுவிடாமல் பதிவாகியிருக்கிறது.

"நானும் பேசணும்ப்பா, கொஞ்சம் சும்மா இருங்களேன்" என்றேன். அதிசயமாக இது மட்டும் அவர் காதில் விழுந்துவிட்டது. "என் சத்தம் இடைஞ்சல்னா நான் எதுக்கும்மா? நீ படிச்சவ, பார்த்துக்க" என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு இறங்கியவர், மொட்டைமாடிப் பக்கமே வருவதில்லை.

ஆகவே இந்தக் கருவியைத் திரும்ப எடுத்துக்கொண்டு, மெல்லிய குரலையும் மதிக்கிற ஒன்றாகப் பார்த்து அனுப்புங்கள். அத்தையிடம் என் அன்பைச் சத்தமாகச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
யார் காதிலும் விழாத உங்கள் மருமகள்

பின்குறிப்பு: உறையை ஒட்டும்போது சங்கத்தின் பதில் வந்தது. அப்பா குரல் மட்டுமே விழுந்த அந்தப் பதிவைத்தான் வேறு வழியில்லாமல் வெட்கத்தோடு அனுப்பியிருந்தேன், அதை ஏற்றுக்கொண்டுவிட்டார்கள்! திசை, பிரகாசம், வால் நின்ற நேரம் எல்லாம் தெளிவாம். "ஒருதரம், ரெண்டுதரம்" எந்த அளவுமுறை என்று மட்டும் கேட்கிறார்கள். கருவி இங்கேயே இருக்கட்டும். அடுத்த வாரம் இரண்டாவது இரவு. அப்பாவை மறுபடி மாடிக்குக் கூப்பிட எனக்கு வாய் வரவில்லை. மச்சான் சொன்னால் தட்டமாட்டார். நீங்கள் கொஞ்சம் கூப்பிட்டுச் சொல்லுங்களேன், மாமா.