நெர்மீனின் நுழைவுத்தேர்வும் எங்கள் கட்டடத்து லிஃப்டும்

இப்ராஹிமிய்யா, அலெக்ஸாந்திரியா
அக்டோபர் 19

மதிப்பிற்குரிய மச்சான் ஹாஸிம் அவர்களுக்கு லுத்ஃபி எழுதிக்கொள்வது. உங்கள் மீதும் ஸபாஹ் அக்கா மீதும் பிள்ளைகள் மீதும் அமைதி உண்டாகட்டும். அஸ்வானில் வெயில் கொஞ்சம் தணிந்திருக்கும் என்று நம்புகிறேன். இங்கே எல்லோரும் சுகம், என்னைத் தவிர. இதைப் போனில் சொல்லக்கூடாதா என்று கேட்பீர்கள். எங்கள் வீட்டுச் சுவரின் கனம் உங்களுக்குத் தெரியும், உங்கள் தங்கை நெர்மீனின் காதும் தெரியும். அதனால்தான் என் மூக்குக்கண்ணாடிக் கடையில் ஆள் வராத நேரம் பார்த்து எழுதுகிறேன்.

விஷயம் இதுதான். வங்கியில் பத்தொன்பது வருடமாக ஒழுங்காக வேலை பார்த்த நெர்மீனுக்கு, நாற்பத்தைந்தாவது வயதில், கெய்ரோ போய் இரண்டு வருடம் நிர்வாகம் படிக்க ஆசை வந்துவிட்டது. அதற்கு ஒரு நுழைவுத்தேர்வு. கணக்கெல்லாம் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. அவளை மடக்கியது தர்க்கக் கேள்விகள். ஒரு பத்தி இருக்கும், அதில் யாரோ ஒருவன் எதையோ பார்த்துவிட்டு ஒரு முடிவுக்கு வந்திருப்பான். கீழே ஐந்து விடை. அவன் முடிவைப் பலவீனப்படுத்துவது எது, அவன் வெளியே சொல்லாமல் நம்பிக்கொண்டிருப்பது எது என்று கண்டுபிடிக்க வேண்டும். முன்பு ஜெர்மன் மொழி படித்ததுபோல இதையும் மூன்று வாரத்தில் விட்டுவிடுவாள் என்று நினைத்து, "கேள்வியை நானே வாசிக்கறேன், நீ பதில் சொல்லு" என்றேன். என் தலையில் நானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டேன்.

முதல் கேள்வியே சண்டையில் முடிந்தது. ஓர் ஊரில் சாலை ஓரம் மரம் நட்ட பிறகு விபத்து குறைந்ததாம், ஆகவே மரம்தான் காரணமாம். நான், "சரிதானே, நிழல் இருந்தா டிரைவருக்குக் கோபம் வராது" என்றேன். அவள், "லுத்ஃபி, மரம் நட்ட அதே வருஷம் அந்த ரோட்டுல லாரி வரக்கூடாதுன்னு சட்டம் போட்டிருந்தா?" என்றாள். "பத்தியில லாரியே இல்லையே." "அதனாலதான் கேக்கறாங்க." இப்படியே ஒரு மாதம். அதன்பின் அவளுக்குப் புத்தகம் தேவைப்படவில்லை, மனிதர்களே போதுமானவர்களாக இருந்தார்கள். மீன்காரி ஃபவ்கியா, "என் கடையில எவ்வளவு கூட்டம் பாருங்க, மீன் அவ்வளவு புதுசு" என்றாள். உங்கள் தங்கை நின்று நிதானமாக, "கூட்டம் இருக்கறதுக்கு மீன் புதுசா இருக்கணும்னு இல்ல ஃபவ்கியா, பக்கத்துக் கடை இன்னிக்கு மூடியிருக்கு, அதுவும் காரணமா இருக்கலாம்" என்று சொல்லிவிட்டாள். அன்றிலிருந்து எங்கள் வீட்டுக்கு நல்ல மடவை மீன் வருவதில்லை. வருகிற மீனின் மங்கிய கண்ணைப் பார்த்தால் எனக்கே கண்ணாடி மாட்டிவிடத் தோன்றுகிறது.

இதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன் மச்சான். ஆனால் குடியிருப்போர் கூட்டத்தில் நடந்ததைக் கேளுங்கள். ஏழாம் மாடியில் இருக்கும் கேப்டன் ஷவ்கிதான் எங்கள் சங்கத் தலைவர். கப்பலில் இருந்து ஓய்வு பெற்றும் எங்களையெல்லாம் மாலுமிகளாகவே நடத்துபவர். லிஃப்ட் ஏறும்போது முனகுகிறது, மெக்கானிக்கைக் கூப்பிடலாமா என்று யாரோ கேட்டார்கள். கேப்டன் எழுந்து, "இந்த லிஃப்ட் முப்பத்தொரு வருஷமா விழல. ஆகவே விழாது. அடுத்த விஷயம்" என்றார். நான் நெர்மீனின் முழங்கையைப் பிடித்தேன், பிடி போதவில்லை. அவள் எழுந்து, மரியாதையான குரலில், "கேப்டன், நீங்களும் எழுபத்திரண்டு வருஷமா சாகல" என்றாள்.

கேப்டனின் மனைவி முக்காட்டு நுனியை வாயில் அடைத்துக்கொண்டார், அழுகையா சிரிப்பா என்று இன்றுவரை தெரியவில்லை. கேப்டன் நேராக வீட்டுக்குப் போய்ப் படுத்துவிட்டார். மறுநாள் ரத்த அழுத்தம் என்று செய்தி வந்தது. ஒரு தட்டு பஸ்பூஸா இனிப்பு வாங்கிக்கொண்டு மன்னிப்புக் கேட்கக் கிளம்பினேன். லிஃப்ட் கதவில் 'ஏறாதீர்கள்' என்று நெர்மீன் காகிதம் ஒட்டியிருந்தாள், ஆகவே ஏழு மாடியும் நடை. மேலே போய்ச் சேர்ந்தபோது மன்னிப்புக் கேட்க எனக்கு மூச்சு இல்லை. கேப்டன்தான் பேசினார். "லுத்ஃபி, ராத்திரி பூரா யோசிச்சேன். அவ சொன்னதுல ஓட்டையே இல்ல. காலையில மெக்கானிக்கைக் கூப்பிட்டேன். நாலு கம்பிக் கயிறுல ரெண்டு அறுந்து தொங்குதாம். நேத்து சாயங்காலம் என் பேத்தி அதுலதான் ஏறிப் போனா." சொல்லிவிட்டு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். பஸ்பூஸாத் தட்டை அவர் பக்கத்தில் வைத்துவிட்டு இறங்கி வந்தேன்.

இதில் என்ன குறை என்று கேட்பீர்கள். குறை அதற்குப் பிறகு. இப்போது கேப்டன் தினமும் மாலை ஒரு நோட்டுப் புத்தகத்துடன் எங்கள் வீட்டுக்கு இறங்கி வருகிறார். கேள்விகளை அவர்தான் வாசிக்கிறார். அவர் குரலில் ஒவ்வொரு பத்தியும் புயல் எச்சரிக்கை போல இருக்கிறது. நான் டீ போடுகிறேன். நேற்று ஒரு கேள்விக்கு நானும் பதில் சொன்னேன். கேப்டன், "இவருக்கு இன்னும் பயிற்சி வேணும்" என்றார், என் வீட்டில் உட்கார்ந்து, என் டீயைக் குடித்துக்கொண்டு.

அவர் போனதும் மனதில் இருந்ததைச் சொல்லிவிட்டேன். "நெர்மீன், இருபத்திரண்டு வருஷத்துல நாம ஒரு வாரம்கூடப் பிரிஞ்சு இருந்ததில்ல. ஆகவே நம்மால முடியாது." அவள் என்னையே பார்த்தாள். "இது லிஃப்ட் வாதம், லுத்ஃபி" என்றாள். மெதுவாகத்தான் சொன்னாள். மகள் கல்யாணமாகிப் போனபின் அந்த வீட்டில் நாங்கள் இரண்டே பேர் மச்சான். ஒருத்தி போனால் மிச்சம் எத்தனை என்று கண்டுபிடிக்கத் தர்க்கம் தேவையில்லை.

ஆகவே, மூத்தவர் என்ற முறையில் நீங்கள் அவளுக்குப் போன் செய்து, இந்த வயதில் இதெல்லாம் வேண்டாம் என்று சொல்ல வேண்டும். உங்கள் பேச்சை அவள் தட்டியதில்லை. உங்கள் வீட்டுக் கதவை நல்ல செய்தி மட்டுமே தட்டட்டும், உங்கள் கைபட்டதெல்லாம் பெருகட்டும்.

அன்புடன்,
லுத்ஃபி

பின்குறிப்பு: மேலே உள்ளதை எழுதி மேஜையில் வைத்துவிட்டு, உள்ளே ஒரு பெரியவருக்குக் கண் பரிசோதனை எழுத்துப் பலகையைக் காட்டிக்கொண்டிருந்தேன். அந்த நேரம் பார்த்து நெர்மீன் சாப்பாடு கொண்டு வந்திருக்கிறாள். கடிதம் முழுவதையும் படித்துவிட்டாள். கோபப்படவில்லை. "சரி, போகல" என்றாள். ஏன் என்று கேட்டேன். "ஒண்ணுமில்ல, சாப்பிடுங்க" என்றாள். மூன்று மாதமாகக் காரணம் சொல்லாமல் உப்பைக்கூட நகர்த்தாதவள். இது நடந்து நான்கு நாளாகிறது. புத்தகம் அலமாரி மேலே போய்விட்டது. கேப்டன் வந்து கதவைத் தட்டிவிட்டுத் திரும்பிப் போகிறார். நான் என்ன உளறினாலும், "ஆமா, நீங்க சொல்றது சரி" என்கிறாள். என்னால் தாங்க முடியவில்லை மச்சான். தேர்வுக்கு இன்னும் இருபத்தாறு நாள்தான் இருக்கிறது. உடனே அவளுக்குப் போன் செய்து, எழுது, போ என்று சொல்லுங்கள். ஏன் என்று கேட்டால் காரணம் எதுவும் சொல்லிவிடாதீர்கள், உடைத்துவிடுவாள். அண்ணன் சொல்கிறேன் என்று மட்டும் சொல்லுங்கள். ரயில் நிலையத்தில் விசாரித்துவிட்டேன், வெள்ளி விடுமுறைக்கு வியாழன் மாலையே அவள் கெய்ரோவில் ஏறினால் ராத்திரிச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துவிடலாம்.