பிரெஞ்சுப் பாடகிக்கு நான் போர்த்திய பொன்னாடை

எனக்கு ஒரு வியாதி உண்டு. மைக்கைக் கண்டால் கை தானாக நீளும். ஸ்டுட்கார்ட்டில் எங்கள் தமிழ் மன்றத்தில் கவிதை நூல் வந்தாலும் சமையல் குறிப்பு வந்தாலும் வாழ்த்துரை நான்தான். (கேட்காவிட்டாலும் நான்தான் என்பது மனைவியின் திருத்தம்.) இந்த வியாதி முற்றிப்போய் நான் மகளின் மானத்தை வாங்கிய ஒரு சனிக்கிழமையைப் பற்றி இன்று ஒப்புக்கொள்ளப் போகிறேன்.

அப்போது மகள் அபிராவுக்குப் பதினைந்து வயது. பாடசாலையில் பிரெஞ்சு படித்தாள். வீட்டில் நாள் முழுக்கப் பிரெஞ்சுப் பாட்டுக் கேட்டாள். அவள் உயிரை விடும் சொலேன் என்ற பாடகி, தன் முதல் அல்பத்தை வெளியிட ஸ்டுட்கார்ட்டுக்கு வருகிறாள் என்று தெரிந்ததும் வீடு இரண்டுபட்டது. பதினாறு வயதுக்குக் குறைந்தவர்கள் பெரியவர் ஒருவரோடுதான் உள்ளே வரலாம் என்பது மண்டபத்தின் விதி. மனைவிக்கு அன்று வேலை. வேறு வழியில்லாமல் மிஞ்சியவன் நான்.

"நீங்கள் அங்கை ஒண்டும் கதைக்கக்கூடாது, அப்பா" என்றாள்.

"ஓம் பிள்ளை."

"ஒரு சொல்லும்."

"ஓம் எண்டு சொல்லிட்டன்தானே."

"கதைச்சியளெண்டால், இனி உங்களோடை நான் ஒரு இடத்துக்கும் வரமாட்டன்."

அவள் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அந்த வருடம் அவள் என்னோடு வரச் சம்மதித்த ஒரே இடம் பல் வைத்தியசாலை. அதையும் இழக்க எனக்கு மனமில்லை.

ஆனால் முதல் அல்பம், வெளியீடு என்ற இரண்டும் சேர்ந்து என் தலைக்குள் போய் உட்கார்ந்துவிட்டன. வெளியீடு என்றால் நமக்குத் தெரியாதா? மங்கள விளக்கு, வரவேற்புரை, வாழ்த்துரை, முதற்பிரதி, சிறப்புப் பிரதி, கடைசியில் ஏற்புரை. வெறுங்கையோடு போகலாமா? அலுமாரியில் இருந்த பொன்னாடையை மடித்துக் கோட்டுக்குள் செருகிக்கொண்டேன். (அது எங்கள் ஆட்களுக்குள் சுற்றிச் சுற்றி வரும் பொன்னாடை. மன்றத் தலைவர் எனக்குப் போர்த்தினார். அவருக்கு வேறு யாரோ. ஓரத்தில் இருக்கும் வடை எண்ணெய்க் கறைதான் அதன் அடையாள அட்டை.)

மண்டபத்தில் எல்லோரும் கிழிந்த காற்சட்டையோடு நின்றார்கள். நான் கல்யாணக் கோட்டும் கழுத்துப்பட்டியுமாகப் போனேன். நாற்காலி ஒன்றே ஒன்றுதான் இருந்தது. பிரமுகருக்குப் போட்டது என்று நம்பி உட்கார்ந்தேன். ஒலியமைப்பாளர் வந்து எழுப்பினார். அபிரா மெதுவாக நகர்ந்து ஒரு தூணுக்குப் பின்னால் போய்விட்டாள்.

சொன்ன நேரத்துக்கே நிகழ்ச்சி தொடங்கியது. (எனக்கு முதல் அதிர்ச்சி.) விளக்கு இல்லை, வரவேற்பு இல்லை. ஒல்லியான ஒரு பெண் வந்து கீபோர்ட் முன்னால் நின்று பாடினாள். தகப்பன், தாய், ஊரவர் என்று யாரையும் மேடையில் காணவில்லை. முதல் அல்பம், வாழ்த்த ஒரு நாதியில்லை. கோட்டுக்குள் இருந்த பொன்னாடையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

மூன்றாவது பாட்டில் கீபோர்ட் செத்துப்போனது. ஒலியமைப்பாளர் வயர்களைப் பிடுங்கிப் பிடுங்கிப் பூட்டினார். சொலேனுக்கு ஜெர்மன் தெரியாது. மைக்கைப் பிடித்தபடி விழித்தாள். சனம் தொலைபேசியைப் பார்க்கத் தொடங்கியது. சிலர் கதவுப் பக்கம் திரும்பினார்கள். அவளுடைய கண் கலங்கியதை முன்னால் நின்ற நான் கண்டேன்.

பேசமாட்டேன் என்றுதானே வாக்குக் கொடுத்தேன், போர்த்தமாட்டேன் என்று சொல்லவில்லையே. மேடையில் ஏறிவிட்டேன்.

பொன்னாடையோடு பாய்ந்து வரும் கோட்டுக்காரனைக் கண்டு அவள் பயந்து பின்னால் போனாள். குஞ்சம் மைக் தாங்கியில் சிக்கியது. தாங்கி விழுந்தது. பாதுகாவலர் ஓடிவந்து என் தோளைப் பிடித்தார். நான் நல்லெண்ணத்தோடு குனிந்து, விழுந்ததை எடுத்துக் கொடுக்கப் பார்த்தேன். கைக்குள் மைக் வந்துவிட்டது. அவ்வளவுதான்.

"விழா நாயகி சொலேன் அவர்களே" என்று ஜெர்மனில் தொடங்கினேன். அவையில் உள்ளவர்களை விளித்தாக வேண்டும்; பெயர்கள் தெரியாது. "என் தோளைப் பிடித்திருக்கும் பாதுகாவலர் அவர்களே, வயர்களோடு மல்லுக்கட்டும் ஒலியமைப்பாளர் அவர்களே, தூணுக்குப் பின்னால் ஒளிந்து நிற்கும் என் அருமை மகளே..."

மண்டபம் வெடித்துச் சிரித்தது. பாதுகாவலர் தன்னை விளித்ததும் கையை எடுத்துவிட்டு நிமிர்ந்து நின்றார். பேச்சின் ஆழத்தை ரசிக்கிறார்கள் என்று எண்ணி நான் இன்னும் ஐந்து நிமிடம் ஆழமாகப் போனேன்.

அபிரா முகம் சிவக்க மேடைக்கு வந்தாள். "காணும் அப்பா. இறங்குங்கோ."

"முதற்பிரதியைப் பெற்றுக்கொள்ள என் மகள் வந்திருக்கிறார்" என்று அறிவித்தேன்.

சொலேன் அவளிடம் பிரெஞ்சில் ஏதோ கேட்டாள். அபிரா பல்லைக் கடித்துக்கொண்டு பதில் சொன்னாள். அவள் மறுபடி கேட்க, இவள் பொன்னாடையைக் காட்டி விளக்கினாள். சொலேன் அதை எடுத்துத் தானே ஒழுங்காகப் போர்த்திக்கொண்டாள். பிறகு நெடுநேரம் ஏதோ சொன்னாள்.

"என்னவாம் பிள்ளை?"

அபிராவின் குரல் இறங்கியிருந்தது. "இந்த அல்பத்துக்கு இதுவரைக்கும் ஒருத்தரும் தன்னை வாழ்த்தேல்லையாம். தாய் தகப்பனும் வரேல்லையாம்."

அதை அவள் ஜெர்மனிலும் சொன்னாள். கதவுப் பக்கம் போனவர்கள் திரும்பி வந்தார்கள். சிறப்புப் பிரதி பெற வாருங்கள் என்று நான் அழைத்ததுதான் தாமதம், வரிசை மண்டப வாசல்வரை நீண்டது. சொலேன் ஒவ்வொருவருக்கும் அல்பத்தைத் தன் கையாலேயே கொடுத்தாள். அபிரா பக்கத்தில் நின்று மொழிபெயர்த்தாள். விற்பனைக்குக் கொண்டுவந்த பெட்டிகள் காலி. எங்கள் மன்றத்தில் எந்த நூலுக்கும் இப்படி ஒரு வரிசையை நான் கண்டதில்லை. (நாற்பது பேர் வந்தால் முப்பது பேர் பேச்சாளர்கள்.) கீபோர்ட் உயிர்த்ததும் அவள் பொன்னாடையோடே பாடி முடித்தாள்.

திரும்பும்போது டிராமில் அபிரா முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். பல் வைத்தியரும் போனார் என்று நினைத்துக்கொண்டேன்.

"அப்பா."

"சொல்லு பிள்ளை."

"நான் தூணுக்குப் பின்னாலை ஒளிக்கேல்லை. சும்மா சாய்ஞ்சு நிண்டனான்."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். நானும் சிரித்தேன். வெற்றி என்றால் இதுதான் என்று அன்று எனக்குத் தோன்றியது. இன்றும் அதுதான் என் கட்சி.

சில வாரங்களில் சொலேன் அதே பொன்னாடையோடு பாடும் படம் இணையத்தில் வந்தது. மன்றத் தலைவர் உடனே அழைத்தார். "தம்பி, அது நான் உமக்குப் போர்த்தினதெல்லே? கறையைக் கண்டனான்."

எங்கள் வீட்டில் இன்றும் முதல் தோசை கல்லை விட்டு எழும்பினால், "முதற்பிரதி ஆருக்கு?" என்று யாராவது கேட்பார்கள். அபிரா இப்போது டிரெஸ்டனில் படிக்கிறாள். அடுத்த வாரம் பல்கலைக்கழகத்தில் அவளுடைய முதல் ஆய்வுரை. நேற்று ஒரு செய்தி அனுப்பியிருந்தாள்.

"அப்பா, கட்டாயம் வாங்கோ. ரெண்டு நிமிஷம் கதைக்கலாம். பொன்னாடை நான் வாங்கிட்டன். கறையில்லாதது."